வினவும் ஆசிரியர்

(மயிலாப்பூரில் ஆசிரியர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



வகுப்பில் ஆசிரியர் எழுப்பும் வினாவைப் பற்றிப் பேசும்படி இம்மன்றத்தார் என்னைப் பணித்தபோது, இது பயிற்சிக் கல்லூரிக்குரிய ஒரு சிறு நுட்பமாயிற்றே, ஒரு மாலைப் பொழுது முழுவதும் பேசுவதற்கு இதில் விஷயம் இருக்கிறதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இருக்கிறது என்பதே என் திடமான அபிப்பிராயம். ஒரு பள்ளியின் கட்டடத்தையோ, அதன் தேர்ச்சி விழுக்காட்டையோ, தாழ்வாரச் சுவரில் எழுதி வைத்திருக்கும் பொன்மொழிகளையோ பார்த்து அங்கே நடப்பது கல்விதானா என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் ஏதேனும் ஒரு வகுப்பின் கடைசி பெஞ்சில் அரை மணி நேரம் அமர்ந்து, ஆசிரியர் என்ன கேட்கிறார், யாரைக் கேட்கிறார், கேட்ட பின் எவ்வளவு நேரம் பொறுத்திருக்கிறார், வந்த விடையை என்ன செய்கிறார் என்ற நான்கையும் கவனித்துவிட்டால், அந்த முடிவுக்கு வருவது கடினமன்று.

இதைப் பேசுவதற்குச் சென்னையின் இந்தப் பகுதியைவிடத் தகுதியான இடம் வேறு உண்டோ என்றுகூடத் தோன்றுகிறது. இங்கிருந்து சற்றே மேற்கில் சைதாப்பேட்டையில், 1856இல் அரசாங்க நார்மல் பள்ளியாகத் தோன்றிப் பின்னர் ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்து, எல்.டி. பட்டம் பெற வந்த எத்தனையோ தலைமுறை உபாத்தியாயர்களை நாட்டுக்கு அனுப்பிவைத்த நிறுவனம் இருக்கிறது. மாநிலக் கல்லூரியில் சேர்ந்த புதிதில், 1910இல், டாக்டர் ராதாகிருஷ்ணன் அவர்களும் அங்கேதான் பயிற்சி பெற்றார். கிழக்கே கடற்கரையோரமாகச் சகோதரி சுப்பலட்சுமி தலைமையேற்று நடத்திய லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி. அடையாற்றைக் கடந்தால் 1939இல் மரியா மாண்டிசோரி அம்மையார் வந்து பயிற்சி வகுப்பு நடத்திய பிரம்மஞான சபையின் தோட்டங்கள். கல்வியைப் பற்றி இத்தனை பேர் இவ்வளவு ஆழ்ந்து சிந்தித்த மண்ணில், இன்று சாதாரணமாக ஒரு வகுப்பில் கேட்கப்படும் வினா எப்படி இருக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

ஆசிரியர் கரும்பலகை அருகே நின்று, “தாவரங்கள் சூரிய ஒளியில் உணவு தயாரிக்கிற முறைக்கு என்ன பேர்? ஒளிச்சேர்க்...” என்று குரலை ஏற்றி நிறுத்துகிறார், வகுப்பு முழுவதும் ஒரே மூச்சில் “...கை” என்று முடித்துவைக்கிறது. உடனே, “புரிஞ்சுதா?” என்கிறார், “புரிஞ்சுது மிஸ்” என்று அதே இராகத்தில் பதில் வருகிறது. முன்பெஞ்சுப் பிள்ளைகள் சிலர் சொல்லை அறிந்து சொன்னார்கள். மற்றவர்கள் அவர்கள் வாயசைவைப் பார்த்துச் சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டார்கள். சன்னலோரம் அமர்ந்திருக்கும் பையன் வாயை மட்டும் திறந்து மூடினான். ஆசிரியருக்கு வகுப்பு விழிப்புடன் இருக்கிறது என்ற திருப்தி. மாணவருக்குத் தாம் அகப்படவில்லை என்ற நிம்மதி. இரு தரப்பாருக்கும் சௌகரியமான இந்த ஏற்பாட்டில் இலையின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பற்றி ஒருவரும் ஒரு கணமும் சிந்திக்கவில்லை.

சேர்ந்து சொல்லும் வழக்கத்தையே நான் இகழ்வதாக எண்ண வேண்டாம். வாய்ப்பாட்டையும் செய்யுளையும் கூடிச் சொல்லிப் பழகிய திண்ணைப் பள்ளி மரபு நம் மக்களுக்கு அளித்த நினைவாற்றல் சாமானியமானதன்று. ஆனால் அங்கே சேர்ந்து சொல்லப்பட்டது பாடம். இங்கே சேர்ந்து சொல்லப்படுவது விடை. விடை என்பது ஒருவனுடைய மனத்தில் விளைய வேண்டிய பொருள். அதைக் கூட்டமாக விளைவிக்க முடியாது.

வினாவைப் பற்றி நம்முடைய இலக்கணப் புலவர்கள் செய்துவைத்த ஆராய்ச்சியை நாம் பத்தாம் வகுப்பில் ஐந்து மதிப்பெண்ணுக்காகப் படித்துவிட்டு மறந்துபோகிறோம். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், வினாவை அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என்று ஆறாகப் பகுக்கிறது. தான் விடையை அறிந்திருந்தும், எதிரில் இருப்பவனுக்குத் தெரியுமா என்று சோதிக்கக் கேட்பது அறிவினா. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. இதுவோ அதுவோ என்ற தடுமாற்றத்தில் கேட்பது ஐய வினா. பாடநூல்களில் அறிவினாவுக்கு ஆசிரியர் மாணவனைக் கேட்பதையும், அறியா வினாவுக்கு மாணவன் ஆசிரியரைக் கேட்பதையும் உதாரணமாகக் காட்டுவது வழக்கம். அந்த உதாரணங்கள் இலக்கணத்துக்குப் பிழையில்லாதவை. ஆயினும் அவற்றையே நாம் சட்டமாக எடுத்துக்கொண்டு, ஆசிரியர் என்பவர் அறிவினாவைத் தவிர வேறெதையும் கேட்கலாகாது என்று நம்பிவிட்டோமோ என்பதுதான் என் கவலை. ஒரு பாடவேளை முழுவதும் எழும் வினாக்களை எழுதிப் பாருங்கள். அவற்றில் ஆசிரியருக்கு விடை தெரியாத வினா ஒன்றுகூட இராது. ஆசிரியரே தடுமாறிக் கேட்கும் ஐய வினாவோ அநேகமாக எந்த வகுப்பிலும் பிறப்பதேயில்லை. கலந்துரையாடலுக்கு உயிர்நாடி ஐய வினா. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற இடத்தில்தான் இரண்டு மாணவர் பேச முடியும்.

அதே நன்னூலின் பாயிரத்தில் மாணாக்கன் கற்கும் முறையைப் பற்றி ஒரு கணக்கு வருகிறது. ஆசான் சொன்னதை எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்கே. உடன் பயில்வோரோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால் பங்கு கிடைக்கிறது. எஞ்சிய பாதியும், கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேருகிறது என்பது அதன் கருத்து. அப்படியானால் முக்கால் பங்கு கல்வி மாணவனுடைய வாயின் வழியாகவே நடைபெற வேண்டும். நாற்பது நிமிஷப் பாடவேளையில் மாணவர் வாய் திறக்கும் நேரம் எவ்வளவு என்பதை ஆசிரியர்களாகிய நீங்கள் அறிவீர்கள்.

இந்த உண்மையை வெளிநாட்டார் ஒருவர் இதே நகரத்தில் கண்டெடுத்துக் கொண்டுபோன வரலாறும் உண்டு. எழும்பூரில் இராணுவத்தாரின் அநாதைச் சிறுவர் இல்லத்துக்கு 1789இல் மேற்பார்வையாளராக வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிச் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதையும், சட்டாம்பிள்ளை மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதையும் கண்டு, அம்முறையைத் தம் இல்லத்தில் கையாண்டு, 1797இல் இங்கிலாந்தில் அதைப் பற்றி நூலாக வெளியிட்டார். மெட்ராஸ் முறை என்ற பெயரோடு அது பல தேசங்களில் பரவியது. ஆயினும் பெல் கொண்டுபோனது பாதிதான் என்று சொல்லத் தோன்றுகிறது. ஒரு சிறுவன் இன்னொரு சிறுவனுக்குப் பாடம் ஒப்புவிக்கக் கற்றுக்கொடுத்தான். ஆனால் ஒருவனை ஒருவன் வினவவும் மறுக்கவும் அம்முறையில் அதிக இடமில்லை. செலவு குறைந்தது, எண்ணிக்கை பெருகியது, சம்பாஷணை பிறக்கவில்லை.

சம்பாஷணை பிறப்பதற்கு முதல் நிபந்தனை பொறுமை. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வியாராய்ச்சியாளர், விஞ்ஞான வகுப்புகளில் நடந்த பேச்சை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து, 1970களில் வெளியிட்ட முடிவு உலகெங்கும் ஆசிரியர் கல்வியில் பேசப்படுவது. வினாவைக் கேட்ட பின் ஆசிரியர்கள் சராசரியாகக் காத்திருந்தது ஏறக்குறைய ஒரு விநாடி. அதற்குள் விடை வராவிட்டால் தாமே சொல்லிவிட்டார்கள், அல்லது வேறொருவனைக் கேட்டார்கள். அந்த ஒரு விநாடியை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது, விடைகள் நீண்டன. விடையே சொல்லாதவர் தொகை குறைந்தது. மந்தம் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள். மாணவர் தாமாகக் கேட்கும் கேள்விகள் பெருகின. அந்த அம்மையார் இன்னொரு மௌனத்தையும் குறிப்பிட்டார். நான் அதை முன்னதைவிட முக்கியமானதாகக் கருதுகிறேன். மாணவன் விடை சொல்லி முடித்தவுடன் “சரி” என்றோ “தப்பு” என்றோ முத்திரை குத்தாமல் ஆசிரியர் சற்று வாளாவிருப்பதுதான் அது. அந்த இடைவெளியில் சொன்னவன் தன் விடையை வளர்க்கிறான். கேட்டிருந்தவன் அதன் மேல் ஒரு வார்த்தை சேர்க்கிறான்.

பட்டினப்பாக்கத்தை அடுத்த ஒரு பள்ளியில், ஒன்பதாம் வகுப்பில், கடலலையும் கரையும் பற்றிய புவியியல் பாடம் நடந்தபோது பார்வையாளனாக அமர்ந்திருக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அந்த வகுப்பை நடத்திய ஆசிரியை புத்தகத்தைத் திறக்கவில்லை. “ஸ்ரீனிவாசபுரத்துக்கிட்ட அடையாறு கடல்ல சேருது இல்லையா, அந்த முகத்துவாரம் கோடையில மணல் மூடிக்குது, மழைக்காலத்துல திறந்துக்குது, ஏன்?” என்று வகுப்பு முழுவதையும் நோக்கிக் கேட்டுவிட்டு, யார் பெயரையும் சொல்லாமல் நின்றார். முன்பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, “அலை மணலைக் கொண்டுவந்து போடுது மிஸ்” என்றான். புத்தகத்தின்படி அது சரியான விடை. பெரும்பாலான வகுப்புகளில் அத்தோடு ஒரு “வெரி குட்” கிடைத்து விஷயம் முடிந்திருக்கும். அவரோ, “மழைக்காலத்துல அலை இல்லையா?” என்று மட்டும் கேட்டார். வகுப்பு அடங்கியது. பிறகு ஒரு பெண், “அப்போ ஆத்துல தண்ணி நிறைய வரும், அது மணலைத் தள்ளிடும்” என்றாள். “கோடையில?” என்றார் ஆசிரியை. “தள்ள ஆள் இல்லை மிஸ்” என்று வேறொரு குரல் வந்தது.

இந்தக் கட்டத்தில் அவர், “அங்க பக்கத்துல குடியிருக்கிறவங்க பார்த்ததைச் சொல்லலாம்” என்றார். கடைசி பெஞ்சிலிருந்து, அதுவரை வாயே திறவாத, மீனவக் குடும்பத்துப் பையன் ஒருவன் தயங்கி எழுந்தான். “மிஸ், காத்து மாறுனா தண்ணி ஓடுற பக்கமும் மாறும். தெக்கேயிருந்து ஓடுறப்போ மணலும் அந்தப் பக்கத்துலேருந்து வந்துக்கிட்டே இருக்கும். வாய் அடைச்சிருச்சுன்னா மடவை உள்ள வராது, எங்க சித்தப்பா வலைக்கு ஒண்ணும் கிடைக்காது” என்றான். ஆசிரியை அவன் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் கரும்பலகையில் எழுதினார். எழுதிவிட்டுத் திரும்பி, “தம்பி சொல்றபடி மணல் கரையோரமா தெற்கேயிருந்து வடக்கே நகருதுன்னா, வழியில கடலுக்குள்ள ஒரு சுவர் கட்டினா என்ன ஆகும்?” என்று கேட்டார்.

அடுத்த பத்து நிமிஷங்கள் அந்த வகுப்பில் ஆசிரியர் அதிகம் பேசவில்லை. சுவருக்குத் தெற்கே மணல் சேரும் என்று ஒருவன் சொன்னான். வடக்கே மணல் போய்ச் சேராது என்று இன்னொருத்தி சொன்னாள். அப்படி ஒரு சுவர் எங்கே இருக்கிறது என்று மூன்றாமவன் கேட்டான். துறைமுகம் என்று யாரோ கத்தினார்கள். 1870களின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகம் கட்டத் தொடங்கிய பின் அதன் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா இவ்வளவு அகன்றதும், வடக்கே ராயபுரம், காசிமேட்டுப் பக்கம் கடல் கரையை அரித்துக்கொண்டே போனதால் அங்கெல்லாம் பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருப்பதும் நாம் அறிந்தவை. ஆனால் அன்று அந்தப் பிள்ளைகள் அவற்றை நம்மிடமிருந்து கேட்டுக்கொள்ளவில்லை, தாமே சென்றடைந்தார்கள். மணி அடிக்கும் சமயத்தில் ஒரு சிறுமி எழுந்து, “மிஸ், அப்போ காசிமேட்டுக்காரங்களுக்குப் போகவேண்டிய மணல்லதான் நாம விளையாடுறோமா?” என்று கேட்டாள். ஆசிரியை பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியையும் கரும்பலகையில் எழுதி, அழிக்காமல் விட்டுவிட்டு வெளியே வந்தார்.

அவர் செய்ததைப் பயிற்சிக் கல்லூரியின் பாஷையில் கிளர்வினா என்று சொல்லிவிடலாம். நுண்ணிலைக் கற்பித்தலில், சக மாணவர்களையே வகுப்பாகப் பாவித்து, சில நிமிஷங்களுக்குள் கிளர்வினாத் திறனை நடித்துக் காட்டி மதிப்பெண் பெற்றவர்கள் இந்த அவையிலே பலர் இருக்கிறார்கள். ஆயினும் அவருடைய வெற்றி திறனால் மட்டும் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பையன் தம்மைவிட அதிகம் அறிந்திருக்கக்கூடும் என்று அவர் மெய்யாகவே நம்பினார். அவனிடம் அவர் கேட்டது அறியா வினா. மதிப்பெண் பதிவேட்டில் மெல்லக் கற்போர் பட்டியலில் இருந்த ஒருவன் அன்று வகுப்புக்கே பாடம் சொன்னான் என்றால், அவனுக்கு அறிவு அன்றைக்குப் புதிதாக வந்துவிடவில்லை. அவனிடம் இருந்ததைக் கேட்கும் கேள்வி அன்றைக்குத்தான் வந்தது.

ஒருவனை ஒரு பொருள் பற்றிக் கேட்பதென்றால் அவனுக்கு மனம் ஒன்று உண்டு என்பதையும், அதில் நமக்கு வேண்டியது இருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொள்வதாகும். ஆகையால்தான் வினா என்பது வெறும் உத்தி அன்று, மரியாதை சம்பந்தப்பட்டது என்று கருதுகிறேன். நம்முடைய சமூகத்தில் அந்த மரியாதை எல்லோருக்கும் சமமாக வழங்கப்பட்டதில்லை. பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் 1894இல் அடையாற்றுப் பக்கத்தில் பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி தொடங்கியபோது, அங்கே வந்து அமர்ந்த சிறுவர்களின் பாட்டன்மாரை ஊர்க் காரியம் எதிலும் அபிப்பிராயம் கேட்டவர் யார்? இளம் வயதிலேயே கணவனை இழந்து, 1911இல் பட்டம் பெற்று, தம்மைப் போன்ற பால்ய விதவைகளைத் திரட்டி ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் வைத்துப் படிக்கச் செய்த சகோதரி சுப்பலட்சுமியின் மாணவிகள், வீட்டின் பின்கட்டில் குரல் எழுப்பாமல் இருப்பதே தர்மம் என்று வளர்க்கப்பட்டவர்கள். அப்பெண்களில் ஒருத்தி வகுப்பில் எழுந்து நின்று, நான் இப்படி நினைக்கிறேன் என்று முதன்முறையாகச் சொன்ன நாளின் பெருமையை எந்தப் பரீட்சை முடிவும் அளந்துவிட முடியாது. இன்றைக்கும் தியாகராய நகரிலோ, மயிலாப்பூரிலோ எந்தப் பள்ளிக்குள் நுழைந்து பார்த்தாலும், வினாக்கள் முன்பெஞ்சை நோக்கியே பாய்கின்றன. விடை சொல்லக்கூடியவனையே கேட்கிறோம். சொல்ல மாட்டான் என்று நாம் தீர்மானித்தவனைத் தண்டிப்பதற்காக மட்டும் கேட்கிறோம். “என்ன, வெளியே வேடிக்கையா? நான் இப்போ என்ன சொன்னேன், சொல்லு” என்பதும் இலக்கணப்படி வினாதான். ஆனால் கேள்வி கேட்கப்படுவதே அவமானம் என்ற எண்ணத்தை ஒரு குழந்தையின் மனத்தில் அதுபோல் ஆழப் பதிப்பது வேறொன்றுமில்லை.

அறியாமையை வெளிப்படுத்தும் வினா எல்லாமே அவமானம்தானா என்றால், இல்லை. அதற்குத் தமிழுலகம் முழுவதும் கடமைப்பட்டிருக்கும் ஒரு சான்று உண்டு. 1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்திருந்த உ.வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். யாரிடம் படித்தீர்கள் என்று முதலியார் கேட்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் என்றார் ஐயர். என்ன படித்தீர்கள் என்று கேட்டார்; அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் கோவைகளும் புராணங்களுமாக ஐயர் அடுக்கிக்கொண்டே போனார். எதற்கும் முதலியார் முகம் மலரவில்லை. இவற்றால் என்ன பிரயோஜனம் என்ற பொருளில் அவர் வினவினார். பிறகு, இவற்றுக்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்டார். அவற்றைப் படித்ததில்லை என்று ஐயர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

இந்த நிகழ்ச்சியைப் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதன் முற்பகுதியைச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். முதலியார் அந்தக் கேள்வியோடு ஐயரை அனுப்பியிருந்தால், ஒரு தமிழ்ப் புலவரை ஓர் அதிகாரி மட்டம் தட்டிய கதையாகவே அது முடிந்திருக்கும். அவர் சிந்தாமணிப் பிரதியைக் கையிலே கொடுத்தார். படித்துத் தமக்குப் பாடம் சொல்லும்படி வேண்டினார். தாம் கேட்ட வினாவுக்கு விடை தம்மிடம் இல்லை என்பதை ஒப்புக்கொண்டு, அதைத் தேடும் வேலையில் தாமும் கூட அமர்ந்தார். ஐயரும் சைன சமயச் செய்திகள் விளங்காமல் தடுமாறிய இடங்களில், கல்லூரி ஆசிரியர் என்ற பதவியைப் பொருட்படுத்தாமல், கும்பகோணத்துச் சைன அன்பர்களின் வீடு தேடிச் சென்று, அந்நூலைப் பாராயணமாகப் படித்துவந்த அவர்களிடம் மாணவனாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் அதைத் தொடர்ந்தன. 1903 முதல் 1919 வரை ஐயர் பாடம் சொன்ன மாநிலக் கல்லூரியின் முன்னே கடலைப் பார்த்து நிற்கும் அவருடைய சிலையைக் கடந்துதான் நம்மில் பலர் தினந்தோறும் பஸ்ஸில் போகிறோம். பெசன்ட் நகரில் அவர் பெயரால் அமைந்த நூல் நிலையத்தில் அவர் தேடிய சுவடிகள் இருக்கின்றன. அங்கே உங்கள் மாணவர்களை அழைத்துப்போங்கள். அந்தச் சுவடிகளுக்கு நடுவே, ஒரு முன்சீப் கேட்ட கேள்வி ஒரு மொழியின் வரலாற்றை மாற்றியதை அவர்களுக்குச் சொல்லிக் காட்ட முடியும்.

எப்போது கேட்கக் கூடாது என்பதையும் ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும். இத்தாலி யுத்தத்தில் இறங்கிய பிறகு 1946 வரை தாயகம் திரும்ப முடியாமல் இந்தியாவிலேயே தங்கிய மாண்டிசோரி அம்மையாரின் முறையில், சிறு குழந்தைக்கு ஒரு பெயரைக் கற்பிப்பது மூன்று கட்டங்களாக நடைபெறும். முதலில், இது சிவப்பு, இது நீலம் என்று காட்டிச் சொல்வது. அடுத்து, சிவப்பை எடு, நீலத்தை எடு என்று கை வேலையாக்குவது. கடைசியில்தான், இது என்ன என்று வினவுவது. குழந்தை தவறாகச் சொன்னால் திருத்துவதில்லை, கடிந்துகொள்வதுமில்லை. கேட்கும் காலம் இன்னும் வரவில்லை என்று அறிந்து முதற்கட்டத்துக்குத் திரும்பிவிடுவார்கள். தவறான விடைக்குக் குழந்தையைக் காரணமாக்காமல் வினாவின் வேளையைக் காரணமாக்கும் இந்த மனப்பான்மையை, மழலையர் வகுப்புக்கு அப்பாலும் கொண்டுசெல்ல வேண்டும் என்பது என் ஆசை. மறுகோடியில், கிரீன்வேஸ் சாலை வசந்த விகாரத்தில் பல ஆண்டுகள் பேசிய ஜே. கிருஷ்ணமூர்த்தி அவர்கள், வினாவை எழுப்பிவிட்டு விடை தர மறுத்து, கேட்போரைக் கேள்வியோடே இருக்கச் செய்தவர். அதற்கு வேண்டிய அவகாசம் ஐம்பது பேர் கொண்ட வகுப்புக்கும் எட்டுப் பாடவேளைக்கும் இடையில் கிடைப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் விடையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளாமல் வாரத்தில் ஒரு கேள்வியாவது கேட்பது எந்த வகுப்பிலும் சாத்தியமே.

இவ்வளவு கேட்ட பின் உங்கள் மனத்தில் எழும் ஆட்சேபத்தை நான் அறிவேன். போர்ஷன் முடிக்க வேண்டும். பொதுத் தேர்வு வருகிறது. ஒரு மதிப்பெண் வினா இத்தனை, நெடுவினா இத்தனை என்று கணக்கு இருக்கிறது. முகத்துவாரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால் மூன்று பாடங்கள் நின்றுபோகும். இந்த ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது. ஆசிரியர் தனியாளாக நின்று தேர்வு முறையோடு போராட வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கலாகாது. இருந்தாலும் இதே நகரத்தில் 2003இல் மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது, கரும்பலகையைக் குழந்தையின் உயரத்துக்கு இறக்கி, ஆசிரியரைப் பாயில் பிள்ளைகளோடு உட்காரவைத்து, அட்டைகளை எடுத்துத் தாமே முன்னேறும்படி குழந்தைகளை விட்டார்கள். நடைமுறையில் அது எங்கெங்கே தளர்ந்தது என்பதைப் பற்றி எனக்கும் அபிப்பிராயங்கள் உண்டு. அட்டையும் அதன் வரிசையைக் காட்டும் ஏணிப்படியும் எந்திரமாகிவிட்ட வகுப்புகளில் பேச்சே நின்றுபோனது. ஆனால் சாதாரணக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக ஓர் அரசாங்க அமைப்பே வகுப்பறையின் வடிவத்தை மாற்றியமைக்க முடியும் என்பது அங்கே நிரூபணமாயிற்று. நான்கைந்து ஆண்டுகளில் அது மாநிலம் முழுவதற்கும் பரவியது. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களிலோ சிந்தித்து விடையளிக்க வேண்டிய வினாக்கள் தாராளமாகவே அச்சாகியிருக்கின்றன. அந்த வினாக்களுக்கும் கைடுகளில் விடை அச்சாகி, மாணவர் அதையும் மனப்பாடம் செய்கிறார்கள் என்றால், குறை புத்தகத்தில் இல்லை. அச்சிட்ட வினா எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதைக் கேட்டுவிட்டு மாணவன் முகத்தைப் பார்த்துக் காத்திருக்க ஓர் ஆசிரியர் வேண்டும்.

ஆகவே பாடத்திட்டம் மாறும் வரை காத்திராமல், ஒரு சிறு காரியத்தை உங்கள் முன் வைக்கிறேன். ஒரே பள்ளியில் பணிபுரியும் இருவர், ஒருவர் வகுப்பில் மற்றவர், மாதத்தில் ஒரு பாடவேளை கடைசி பெஞ்சில் அமருங்கள். பாடத்தைக் கவனிக்க வேண்டாம். எழும் வினாக்களை மட்டும் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது யாரை நோக்கிப் போயிற்று, விடைக்கு முன் மௌனம் இருந்ததா, விடை வந்த பின் யார் பேசினார்கள், ஆசிரியரா இன்னொரு மாணவரா என்று குறித்துக்கொள்ளுங்கள். மாணவர் எழுப்பிய வினா வந்தால் அதற்கு அடியில் கோடிடுங்கள். அந்தத் தாளைத் தலைமையாசிரியரிடம் கொடுக்க வேண்டாம், மதிப்பீட்டுக் கோப்பில் சேர்க்கவும் வேண்டாம். வகுப்பு நடத்தியவரிடமே கொடுத்துவிடுங்கள். முதல் தாளில் கோடுகளே இல்லாமல் இருந்தால் மனம் தளர வேண்டியதில்லை. ஒரு பருவம் இப்படிச் செய்து பார்த்தவர்கள் தங்கள் தாள்களோடு இங்கே மீண்டும் கூடிப் பேச வேண்டும் என்று இம்மன்றத்தாரைக் கேட்டுக்கொண்டேன். அவர்களும் அன்போடு இசைந்திருக்கிறார்கள்.